மீன் போட்ட பேனாவை விற்றுவிட்டோம், அம்மா

மடுல்சீமை மேல் டிவிசன் ஞானம்மாவுக்கு, என்னைப் பெற்று வளர்த்து, என் வாயோடு மல்லுக்கட்டியே தலை நரைத்த மகராசிக்கு, உன் மூத்தவள் ரோசி பதுளையிலிருந்து எழுதுவது.

நலமா என்று கேட்பது பைத்தியக்காரத்தனம்தான். ஆனாலும் அதைக் கேட்காமல் ஒரு கடிதத்தைத் தொடங்க எனக்குத் தெரியாது. அங்கே குளிர் உண்டா? முழங்கால் வலி விட்டதா? அப்பாவைப் பார்த்தாயா? பார்த்தவுடனே சண்டை பிடித்தாயா, கொஞ்சம் பொறுத்துப் பிடித்தாயா?

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். தையல் கடை ஓடுகிறது. புதுத் தவணை தொடங்கப்போவதால் பள்ளிக்கூட உடுப்புக்கான வெள்ளைத் துணி மூலையெல்லாம் குவிந்து கிடக்கிறது. ஊசியில் நூல் கோக்கக் கண்ணாடி தேவைப்படுகிறது, அதைத் தேடுவதற்கு இன்னொரு கண்ணாடி தேவைப்படுகிறது. உன் மகள்தானே.

நீ திட்டப்போகிற செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் மீன் பேனாவை விற்றுவிட்டோம். கத்தாதே. முழுவதையும் கேட்டுவிட்டுக் கத்து.

இந்தக் கடிதத்தை உன்னைத் தவிர இன்னும் நாலு பேர் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்த கதையையே உனக்கு மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

நீ பங்களாவில் ஆயாவாக இருந்த காலம் அது. கடைசி வெள்ளைக்காரத் துரை தோட்டத்தை விட்டுப் போகும்போது, துரைசாணி வேலைக்காரர்களைக் கூப்பிட்டு, மேசையில் பரப்பியிருந்த சாமான்களில் ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளச் சொன்னாராம். சமையல்காரர் சுவர்க் கடிகாரத்தை எடுத்தார். தோட்டக்காரர் மழைக்கோட்டை எடுத்தார். நீ ஒரு கம்பளி கொண்டுவருவாய் என்று அப்பா லயத்து வீட்டு வாசலில் காத்திருந்தார். நீ கொண்டுவந்தது ஒரு பேனா. கறுப்பு அரக்குப் பூசி, அதன்மேல் தங்கத்தூளால் இரண்டு மீன் வரைந்த பவுண்டன் பேனா.

"கம்பளி இருந்திச்சா இல்லையா அங்க?" என்று அப்பா கேட்டாராம்.

"இருந்திச்சு. மீனு அழகா இருந்திச்சு" என்றாயாம்.

அவ்வளவுதான் உன் விளக்கம். உன் பெயரைத் தவிர வேறெதையும் எழுதத் தெரியாதவள் நீ. அந்தக் கம்பளி வந்திருந்தால் நானும் தம்பி அருளும் மடுல்சீமைக் குளிரில் ஒரே சேலைத் துண்டுக்கு அடித்துக்கொண்டிருக்க மாட்டோம். எதற்காக அதை எடுத்தாய்? நீ இருந்தபோது எத்தனையோ தடவை கேட்டேன். மீன் அழகாக இருந்தது என்பதைத் தவிர உனக்கு வேறு காரணமே இல்லையா?

எழுதத் தெரியாதவளின் பேனாதான் மேல் டிவிசனிலேயே அதிகம் எழுதியது. நம் மாதா கோயிலில் யாருக்குக் கல்யாணம் நடந்தாலும் பதிவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட "ஞானம்மா பேனா" வந்தாக வேண்டும். பந்திக்கு அண்டா இரவல் வாங்குவதுபோலக் கையெழுத்துக்குப் பேனா இரவல் வாங்குவார்கள். கொடுத்துவிட்டு, பூசை முடியும்வரை நீ கோயில் வாசலை விட்டு நகரமாட்டாய். பொண்ணையும் மாப்பிள்ளையையும் வாழ்த்துவதற்கு முன்னால் "பேனா எங்க?" என்பாய். எனக்கு மானம் போகும்.

ஒருமுறை லுணுகலை மாப்பிள்ளை ஒருவர் அதைச் சட்டைப்பையில் செருகியபடியே ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார். நீ ஆள்மேல் ஆள் அனுப்பினாய். அது திரும்பி வரும்வரை உன் சமையலில் ஒன்று உப்பு இருக்காது, இல்லாவிட்டால் உப்பு மட்டும்தான் இருக்கும். அடுத்த சம்பள நாளில் தோட்டத்துக்கு வந்த பாத்திரக்காரர் முன்னால் போய் உட்கார்ந்தாய்.

நம் ஆட்களின் வீட்டில் பெயர் வெட்டாத பாத்திரம் கிடையாது. கல்யாணம், சாவு, திருவிழா என்றால் எல்லா வீட்டுச் சட்டியும் ஒரே அடுப்படியில் வந்து குவியும். பெயர் இருந்தால்தான் வீடு திரும்பும். அதே நியாயத்தைத்தான் நீ பேனாவுக்கும் பார்த்தாய்.

"பித்தளையில வெட்டுவேன், சில்வர்ல வெட்டுவேன். இதுல உளி வச்சா பொளந்துக்கிடுமே ஆயா" என்று அவர் தயங்கினார்.

"மெதுவா வெட்டுங்க. பேரு மட்டும் போதாது, எடத்தையும் போடுங்க" என்றாய்.

மீன்களின் வாலுக்குக் கீழே, சின்ன உளியும் சுத்தியலுமாக, புள்ளி புள்ளியாக அவர் வெட்டினார். ஞானம்மா, மேல் டிவிசன். அதன்பிறகு எத்தனையோ கல்யாணத்துக்குப் போனது அந்தப் பேனா. ஒருமுறைகூடத் தொலையவில்லை.

இனி உனக்குத் தெரியாத பகுதி.

போன மழையில் நம் லயத்துக்குப் பின்னால் இருந்த மேடு விரிசல் விட்டது. நீ வெற்றிலைக்கொடி ஏற்றி வைத்திருந்தாயே, அந்த மூலையிலிருந்து கக்கூஸ்வரை கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு. கிராம சேவகர் வந்து பார்த்துவிட்டு, இனி இங்கே யாரும் படுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அருளும் ராணியும் பிள்ளைகளும் நம் கோயில் மண்டபத்துக்குப் போனார்கள். இன்னும் பல குடும்பங்கள் அங்கேதான். நடுவே சேலையைக் கட்டிச் சுவராக்கிக்கொண்டு, ஒரு வீட்டில் தும்மினால் மற்ற வீட்டில் ஆசீர்வதிக்கிற வாழ்க்கை. அருளின் சின்னவளுக்கு ஈரத்தில் மூச்சு இழுப்பு வந்துவிட்டது.

பசறைப் பாதையோரம், சமாதானபுரம் என்று புதிதாகப் பெயர் வைத்த இடத்தில், ஆளுக்கொரு துண்டு நிலம் கொடுத்தார்கள். அருள் ஸ்டோரில் தேயிலை அரைக்கும் வேலை முடிந்து வந்தும், ராணி கொழுந்துக்கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்தும், கல் சுமந்து, சீமெந்து குழைத்து, எப்படியோ சுவரை எழுப்பிவிட்டார்கள். கூரை போட வழியில்லை. ஐப்பசி மழைக்குள் கூரை ஏறாவிட்டால் இன்னொரு மழைக்காலமும் மண்டபத்தில்தான். சின்னவளின் நெஞ்சு அதைத் தாங்குமா என்று ஆஸ்பத்திரி டாக்டர் கேட்டார். அந்தக் கேள்வியோடுதான் நாங்கள் எல்லாரும் படுத்து எழுந்தோம்.

அப்போதும் எனக்குப் பேனாவை விற்கும் எண்ணமே இல்லை, நம்பு. நிலத்துக்குப் பத்திரம் தருவார்கள் என்று பேச்சு வந்தது. ஊருக்கெல்லாம் கையெழுத்துப் போட்ட பேனாவால் உன் மகன் தன் வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டாமா? டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். மை காய்ந்து முள் அடைத்துக் கிடந்தது. பண்டாரவளையில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் பாரூக் நானா பேனாவும் பழுது பார்ப்பார் என்றார்கள். பஸ் ஏறினேன்.

நானா பேனாவை வாங்கினார். பிறகு கீழே வைத்துவிட்டு, உள்ளே போய்க் கை கழுவித் துடைத்துக்கொண்டு வந்து மறுபடி எடுத்தார். எனக்கு அப்போதே ஏதோ உறைத்தது.

"தங்கச்சி, இத வேற யார்ட்டயும் காட்டினீங்களா? இது ஜப்பான்ல கையால செஞ்ச சாமான். அரக்குப் பூசி, காயவச்சி, தேச்சி, திரும்பத் திரும்பப் பூசி, மாசக்கணக்கா செய்வாங்க. இதுகளச் சேக்கிறதுக்கே ஒரு கூட்டம் இரிக்கி. பேனாப் பைத்தியங்கள்."

சொல்லிக்கொண்டே பேனாவைத் திருப்பியவர், உன் புள்ளிகளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"யா அல்லாஹ். இது யார்ட வேல?"

"எங்கம்மா வேல" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்ட பிறகுதான் பெருமைப்பட வேண்டிய இடம் இது இல்லை என்று புரிந்தது.

இப்படிப்பட்ட பேனாவில் ஒரு கீறல் விழுந்தாலே விலை சரிந்துவிடுமாம். நீயோ உளி வைத்து விலாசம் எழுதியிருக்கிறாய். நானா பூதக்கண்ணாடியைக் கொடுத்து இன்னொன்றும் காட்டினார். முள்ளுக்குப் பக்கத்தில், கடுகளவு சிவப்பில், அதைச் செய்த ஆள் போட்ட கையெழுத்து. இத்தனை வருசம் துடைத்துத் துடைத்து வைத்தோமே, ஒருநாளாவது அதைப் பார்த்தாயா?

நானா படம் எடுத்துப் பேனா சேர்க்கிறவர்களுக்கு அனுப்பினார். ஒருவர் இது பூச்சி அரித்த ஓட்டையா என்று கேட்டார். அவரோடு எனக்குப் பேச்சில்லை. கண்டியில் ஒரு வக்கீல் பெயரோடேயே வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். அவர் தரும் விலைக்குப் பாதிக் கூரை வரும். கொழும்பிலிருந்து ஒரு வயதான சிங்கள டாக்டர் நேரிலேயே பார்க்க வருவதாகச் சொன்னார். அவர் தரும் விலைக்கு முழுக் கூரையும் போட்டு, கதவு ஜன்னலுக்கும் மிஞ்சும். ஆனால் அவருக்கு ஒரு விருப்பம் இருந்தது.

அவர் வந்த அன்று அருளையும் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் நல்ல மனிதர். மீன்களைப் பார்த்துக் குழந்தை மாதிரிச் சிரித்தார். அவர் சிங்களத்தில் சொன்னதை நானா எங்களுக்குத் தமிழில் சொன்னார். ஜப்பானில் அவருக்குத் தெரிந்த அரக்கு வேலைக்காரர் ஒருவர் இருக்கிறாராம். அவரிடம் அனுப்பி, புள்ளிகளை அரக்கால் நிரப்பி, பெயர் தெரியாமல் ஆக்கிவிடப் போகிறாராம். வாங்கிய பிறகு சத்தமில்லாமல் செய்திருக்கலாம், அது எங்களை ஏமாற்றுவதுபோல் ஆகிவிடும் என்பதால் முதலிலேயே சொல்கிறாராம்.

அருளைத்தான் உனக்குத் தெரியுமே. உன் மகன். வாயே திறக்கமாட்டான், திறந்தால் மூடமாட்டான்.

"செஞ்சவன் பேரு இருக்கலாம், வச்சிருந்தவ பேரு இருக்கக் கூடாதா? அம்மா பேர அழிச்சுத்தான் எங்களுக்குக் கூர வரணும்னா அந்தக் கூர வேணாங்க" என்று எழுந்துவிட்டான்.

"மழ பேஞ்சா ஒன் மானம் கொட பிடிக்குமாடா?" என்று நானும் எழுந்தேன்.

நானா கடைக்குள்ளேயே எங்களுக்குப் பெரிய சண்டை. நனையப்போகிறவன் வேண்டாம் என்கிறான், பதுளையில் ஒழுகாத வீட்டில் இருக்கிறவள் வில் என்கிறாள். டாக்டர் பாவம், எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, யோசித்துச் சொல்லுங்கள் என்று பேனாவைத் துணியில் சுற்றி என் கையிலேயே வைத்தார். பண்டாரவளையிலிருந்து வரும் வழியெல்லாம் நாங்கள் ஒரே சீட்டில் உட்கார்ந்து ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்தோம். என் பக்கம் ஜன்னலே இல்லை. இருந்தாலும் அந்தப் பக்கமே பார்த்தேன்.

மண்டபத்து வாசலில் ராணி கிழங்கு அவித்துக்கொண்டிருந்தாள். இருவரும் நியாயம் கேட்பதுபோல அவளிடம் போய்க் கொட்டினோம். உன் மருமகள் அடுப்பை விட்டு முகத்தைத் திருப்பவில்லை.

"அத்த பழைய பித்தள அண்டாவப் போட்டு சில்வர் சட்டி எடுத்தாங்களே, ஞாபகம் இருக்கா மதினி? பசறையில நான் கூட நின்னேன். அண்டாவுல இருந்த பேரு மேல உளிய வச்சு அடிச்சு அழிக்கச் சொன்னாங்க. அழிச்ச பெறகுதான் கைய விட்டாங்க" என்றாள்.

"எதுக்கு?" என்றான் அருள்.

"நானும் அதேதான் கேட்டேன். 'விக்கிற சாமான்ல எம்பேரு இருந்தா, வாங்குறவன திருடன்னு சொல்லுவாங்கடி'ன்னாங்க. இரவல் குடுக்கத்தான் பேரு. வித்தா அவங்க சாமான் அது. அந்த டாக்டர் ஐயாவத் திருடனாக்கணுமா நீங்க?"

சேலைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் சின்னவள் இருமினாள். அருள் எழுந்தான். தண்ணீர்ப் பீலிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தான்.

"நாளைக்கு லீவு சொல்லிட்டு வர்றேன்க்கா. டாக்டர் போயிடாம நிப்பாட்டி வைக்கச் சொல்லு நானாகிட்ட" என்றான்.

எனக்கு உன்மேல்தான் கோபம் வந்தது. இருக்கும்போதும் கடைசி வார்த்தை உன்னுடையதுதான். போன பிறகும் மருமகள் வாயில் வந்து உட்கார்ந்து அதையே செய்கிறாய். ஆனால் அம்மா, அந்த நிமிசம் உன்னை எவ்வளவு தேடியது தெரியுமா எனக்கு!

பழைய பாத்திரத்தை விலைக்குப் போடும்போது ஒரு வழக்கம் உண்டே. "அழிக்கட்டுமா?" என்று பாத்திரக்காரர் கேட்பார். உடையவர் தன் வாயால் "அழிங்க" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் உளி விழும். நானா கடையில் அப்படிக் கேட்க யாரும் இல்லை. கேட்காமலேயே அருள் சொன்னான். பேனாவை இரண்டு கையாலும் ஏந்தி டாக்டரிடம் நீட்டினான்.

"இது எங்கம்மா பேருங்க. அழிச்சிக்கோங்க ஐயா."

நானா அதைச் சிங்களத்தில் சொன்னார். டாக்டர் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கினார். அந்தப் புள்ளிகளை எப்படி வாசிப்பது என்று கேட்டார். நானா சொல்லிக்கொடுக்க, தானும் சொல்லிப் பார்த்தார். முதல் தடவை நாக்கு புரளவில்லை. மறுபடி சொன்னார், சரியாக வந்தது. நான் அழுதுவிட்டேன். கடைக்கு வந்த ஒரு பெண், வாங்கிய சாமான் உடைந்துவிட்டதா என்று என்னைக் கேட்டாள்.

கூரை ஏறிவிட்டது அம்மா. தகரம் புத்தம்புதுசு. முதல் மழை வந்த அன்று அருள் எனக்குப் போன் எடுத்து, போனைக் கூரையை நோக்கித் தூக்கிப் பிடித்தான். சடசடவென்று அந்தச் சத்தத்தை நான் கடையில் மெசினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். சின்னவளுக்கு இப்போது இழுப்பு குறைந்திருக்கிறது. முழுதாக விடவில்லை. ஆனால் விட்டு விட்டுத்தான் வருகிறது, ராத்திரி தூங்குகிறாள்.

பத்திரத்தில் அருள் கையெழுத்துப் போட்ட கதையைக் கேட்டால் சிரிப்பாய். தோட்டத்துக்கெல்லாம் பேனா இரவல் கொடுத்த ஞானம்மாவின் மகன், பசறையில் பத்திரம் எழுதிய கிளார்க்கிடம் ஒரு நீல பால்பாயிண்டை இரவல் வாங்கிக் கையெழுத்துப் போட்டான். போட்டுவிட்டு அதை மறந்து சட்டைப்பையில் செருகிக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டான். கிளார்க் பின்னாலேயே ஓடி வந்து "பேனா எங்க?" என்றார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

போன வாரம் நானா ஒரு படம் அனுப்பினார். பேனா ஜப்பானிலிருந்து திரும்பி வந்திருக்கிறது. இரண்டு மீனும் நேற்றுப் பிடித்ததுபோல் மின்னுகின்றன. வாலுக்குக் கீழே வழவழவென்று கறுப்பு மட்டும். எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தும் ஒரு புள்ளிகூடத் தெரியவில்லை. கொஞ்சம் வலித்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் வேலை சுத்தமாக இருந்தது. தையல்காரி, சுத்தமான வேலையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும். மேல் டிவிசன் என்று பேனாவில் போட்டாயே, அதைத் தவிர நமக்கு வேறென்ன விலாசம் இருந்தது? நம் தபாலெல்லாம் தோட்டத்து ஆபீசுக்கு வரும், அவர்கள் கொடுக்கிற நாளில் கிடைக்கும். எனக்கு வந்த தையல் வகுப்புக் கடிதம் வகுப்பு தொடங்கிய பிறகுதான் கைக்கு வந்தது, மறந்திருக்கமாட்டாய். இப்போது அருளின் வீட்டுக்கு நம்பர் இருக்கிறது. தபால்காரர் வாசலில் வந்து மணி அடிக்கிறார். முதன்முதலாக வந்தது கரண்ட் பில். அதைப் பிரிக்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உன் மகன் இரண்டு நாள் ஸ்டோரில் எல்லாருக்கும் காட்டித் திரிந்தான்.

ஞாயிற்றுக்கிழமை நம் மாதா கோயில் சாமியார் வந்து புது வீட்டை மந்திரித்து ஆசீர்வதிக்கிறார். வெறுங்கையோடு போக எனக்கு மனமில்லை. பதுளை கடைவீதியில் ஒரு பெரிய அண்டா வாங்கினேன், நூறு பேருக்குச் சோறு வடிக்கலாம். பெயர் வெட்ட இப்போது உளியும் இல்லை, சுத்தியலும் இல்லை. கிர்ரென்று ஒரு மெசின். அதைப் பிடித்துக்கொண்டிருந்த பெண் என்ன எழுத வேண்டும் என்று கேட்டாள். சொன்னேன்.

ஞானம்மா, ஒன்பதாம் நம்பர் வீடு, சமாதானபுரம்.

"குடுக்கிறவங்க பேரா, வீட்டுக்காரங்க பேரா அக்கா? குடுக்கிறவங்கன்னா 'அன்பளிப்பு'ன்னு சேத்துப் போடணும்" என்றாள்.

"வீட்டுக்காரங்க பேரு" என்றேன்.

சமாதானபுரத்தில் யார் வீட்டில் என்ன விசேசம் வந்தாலும் இந்த அண்டா இரவல் போகும், அம்மா. இல்லை என்று யாருக்கும் சொல்லமாட்டோம். பந்தி முடியும்வரை ராணி வாசலில் நிற்பாள், அவளுக்கு முடியாத நாளில் நான் பஸ் ஏறி வந்து நிற்பேன். கழுவித் துடைத்து, பெயரைத் தடவிப் பார்த்து, உன் வீட்டுக்கே கொண்டுவந்து சேர்ப்போம். இது சத்தியம்.

உன் வாயையும் பிடிவாதத்தையும் சேர்த்தே வாங்கிக்கொண்ட மூத்த மகள்,
ஒன்பதாம் நம்பர் வீட்டு அருளின் அக்கா,
ரோசி